இடுப்பு எலும்பு முறிவு: அம்மாவுக்கு ஆபரேஷன் செய்தோம், பெரியம்மாவுக்குச் செய்யவில்லை

வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோர் வாயிலும் வருவது ஒரே கேள்விதான்: “இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா?” எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி இரண்டு தடவை வந்தது. முதலில் அம்மாவுக்கு, சில வருடங்கள் கழித்துப் பெரியம்மாவுக்கு. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்தோம். பெரியம்மாவுக்குச் செய்யவில்லை. இரண்டுமே சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வயதை மட்டும் பார்த்திருந்தால் இரண்டிலுமே தடுமாறியிருப்போம்.

நான் மருத்துவர் இல்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அப்புறம் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன். இதே நிலையில் நிற்கும் யாருக்காவது, முடிவெடுக்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில் உதவும்.

அம்மா எழுபதுகளின் பிற்பகுதியில் இருந்தார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ஆனால் தன் வேலையைத் தானே செய்துகொள்வார், படியேறுவார். ஒருநாள் இரவு பாத்ரூமிலிருந்து திரும்பும்போது கால் தட்டி விழுந்துவிட்டார். போய்ப் பார்த்தால் ஒரு கால் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எலும்பு முறிந்து விலகியதற்கு இது பெரிய அடையாளம். இப்படி இருந்தால் எழுப்பி உட்கார வைக்கவோ, “நடந்து பாருங்க” என்று சொல்லவோ கூடாது. காலை அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட வேண்டும்.

எல்லா முறிவும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாது. எலும்பு விரிசல் விட்டு ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் சிலர் நொண்டியபடியே நடக்கக்கூடச் செய்வார்கள். எக்ஸ்ரேயிலும் தப்பிவிடலாம். விழுந்த பிறகு தொடையிடுக்கில் வலி, காலை ஊன்றினால் வலி என்றால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாலும் எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். விரிசலாக இருப்பது நடக்க நடக்க விலகிப்போனால் சிகிச்சையே பெரிதாகிவிடும்.

இடுப்பு எலும்பு முறிவு என்று சொன்னாலும் உண்மையில் முறிவது தொடை எலும்பின் மேல் பகுதிதான். எந்த இடத்தில் முறிந்தது என்பதைப் பொறுத்து ஆபரேஷனே மாறும். தொடை எலும்பின் உச்சியில் பந்து போல ஒரு தலை, அதற்குக் கீழே ஒரு கழுத்து. அந்தத் தலைக்குப் போகும் ரத்தம் பெரும்பாலும் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. கழுத்து முறிந்து விலகினால் அவை அறுந்துவிடலாம். கிளை ஒடிந்தால் நுனி வாடுவது மாதிரி, தலை நாளடைவில் செத்துப்போகலாம். அதனால் வயதானவர்களுக்கு அதைத் திருகாணி போட்டுச் சேர்ப்பதைவிட, எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைப்பதே வழக்கம். கழுத்து முறிந்தும் விலகாமல் இருந்தால் பொதுவாகத் திருகாணிகளே போதும். கழுத்துக்குக் கீழே, தொடை எலும்பு அகலும் இடத்தில் முறிந்தால் ரத்த ஓட்டத்துக்குப் பிரச்சினை குறைவு. அங்கே பிளேட்டும் பெரிய திருகாணியுமோ, எலும்புக்குள்ளே செலுத்தும் நீண்ட கம்பியோ வைத்துச் சேர்ப்பார்கள்.

அம்மாவுக்குக் கழுத்து முறிவு, விலகியும் இருந்தது. பந்தை மட்டும் மாற்றும் ஆபரேஷன் என்றார்கள். பந்து பொருந்தியிருக்கும் இடுப்புக் கிண்ணத்தையும் சேர்த்து முழு மூட்டையே மாற்றினால் இன்னும் நல்லதோ என்று தங்கைக்குச் சந்தேகம். 2019இல் வெளியான ஹெல்த் என்ற பெரிய ஆய்வில் ஏறக்குறைய 1,500 பேரை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்குள் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதில் பெரிய வித்தியாசம் இல்லை. நன்றாக ஓடியாடும், ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ள ஆளாக இருந்தால் முழு மூட்டு பற்றிக் கேட்கலாம். மற்றவர்கள் இதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உறவினர்கள் ஃபோனில் சொன்னது வேறு. “கத்தி வேண்டாம், படுக்க வெச்சு வெயிட்டு கட்டுனா தானா சேர்ந்துடும்.” ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை எடை கட்டித் தொங்கவிட்டு மல்லாந்து படுக்க வைப்பார்கள். எலும்பு சேர்ந்தும் இருக்கும். ஆனால் அதற்குள் படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போகும், தசையெல்லாம் கரைந்துவிடும். வயதானவரைச் சாய்ப்பது முறிந்த எலும்பு இல்லை, அந்தப் படுக்கைதான். ஆபரேஷன் செய்வதன் முதல் நோக்கம் எலும்பை அழகாகச் சேர்ப்பது என்று நினைக்காதீர்கள். மறுநாளே எழுந்து உட்கார வைக்க வேண்டும், புரட்டும்போது அலறாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் செய்கிறார்கள். இது மனதில் பதிந்த பிறகுதான் எங்களுக்குக் குழப்பம் தெளிந்தது.

செய்வது என்று முடிவானால் சீக்கிரம் செய்ய வேண்டும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றோ மறுநாளோ செய்துவிடச் சொல்கிறது. அதற்காகப் பறக்கவும் தேவையில்லை. 2020இல் வந்த ஹிப் அட்டாக் ஆய்வில் கிட்டத்தட்ட 3,000 பேரில் ஒரு பாதியினருக்கு 6 மணி நேர அளவிலும், மறு பாதியினருக்கு 24 மணி நேர அளவிலும் செய்து பார்த்தார்கள். இறப்பில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பம் குறைவாக வந்தது, அவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள். ஆகவே ஒரு நாள் பரவாயில்லை, நாலு நாள் இழுப்பதுதான் ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முதல் ஐந்து நிமிடத்திலேயே அதன் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சொல்லிவிடுங்கள். வார்ஃபரின் என்ற பழைய வகை மாத்திரை என்றால் அதன் வேலையை முறிக்கும் மருந்து கொடுப்பார்கள், புதிய வகை மாத்திரை என்றால் ஒன்றிரண்டு நாள் காக்க வேண்டியிருக்கும், வெறும் ஆஸ்பிரின் என்றால் பொதுவாகத் தள்ளிப்போட மாட்டார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளை வந்து சேரட்டும் என்று காத்திருப்பது மட்டும் வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் வலிக்கு என்ன செய்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். தொடையிடுக்கில் நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தை ஊசியாகப் போடலாம். அம்மாவுக்குப் போட்டதும் அரை மணி நேரத்தில் முகமே மாறியது. அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த கட்டில் கம்பியை விட்டார். வலி ஊசிகளின் அளவும் குறைந்தது, அதனால் மயக்கமும் குழப்பமும் குறையும். காலில் எடை கட்டித் தொங்கவிடுவதால் ஆபரேஷனுக்கு முன்பான வலி குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

முதுகில் ஊசியா, முழு மயக்கமா என்று நாங்கள் கவலைப்பட்டதும் தேவையில்லாதது. 2021இல் வந்த ரீகெய்ன் ஆய்வில் 1,600 பேரில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 60 நாளில் நடப்பதிலோ மனக்குழப்பத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. அதை மயக்க மருந்து நிபுணரிடம் விட்டுவிடலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எங்களை உலுக்கியது அதற்கு அடுத்த இரவு. அம்மா போர்வையின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து இழுத்து, நூலைப் பிரிப்பது மாதிரி விரலால் நிமிண்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து, “நீங்க யாரு, எங்க வீட்டு ஆளுங்களக் கூப்பிடுங்க” என்றார். மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்றே தங்கை அழுதாள். இந்தத் திடீர் மனக்குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களுக்கு அடிக்கடி வருவது, பெரும்பாலும் நாட்கணக்கில் தெளிந்துவிடுவது. கத்துபவரை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். பேசாமல், சாப்பிடாமல், கண்ணை மூடியே கிடப்பவரை “அசதியா தூங்குறாங்க” என்று விட்டுவிடுவார்கள். அதுவும் டெலிரியம்தான், இன்னும் கவனிக்க வேண்டியது.

அந்த நேரத்தில் வாதாடாதீர்கள். “நான்தாம்மா, ஆஸ்பத்திரில இருக்கோம், கால்ல அடிபட்டு ஆபரேஷன் பண்ணிருக்கு, நான் இங்கயேதான் இருக்கேன்” என்று மெதுவாக, திரும்பத் திரும்பச் சொன்னாலே போதும். கண்ணாடியை மாட்டிவிடுங்கள். காது கருவி இருந்தால் போட்டுவிடுங்கள், பல்செட்டையும்தான். இதெல்லாம் பையில் பத்திரமாக இருக்கும், ஆனால் நோயாளிக்கு உலகம் மங்கலாகத் தெரியும். பகலில் ஜன்னல் வெளிச்சம், இரவில் விளக்கை அணைத்துத் தூக்கம். தெரிந்த முகம் ஒன்று மாறாமல் பக்கத்தில் இருப்பது மருந்தைவிட உதவும். அதோடு காரணத்தையும் தேடச் சொல்லுங்கள். வலி அடங்கவில்லையா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலச்சிக்கலா, நோய்த்தொற்றா, ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா, தூக்க மாத்திரை ஏதாவது கொடுத்தார்களா? அம்மாவுக்கு நாலு நாளாக வயிறே போகவில்லை. மார்ஃபின் வகை வலி மருந்துகளால் பெரும்பாலும் மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தைக் கூடவே ஆரம்பிக்க வேண்டும். வயிறு போனதும், சிறுநீர் டியூபை எடுத்ததும், மெல்ல மெல்லப் பழைய அம்மா திரும்பி வந்தார்.

ஆபரேஷனுக்கு மறுநாளே நிற்க வைத்தார்கள். பார்க்க மனசு கேட்காது. “இன்னைக்கு வேண்டாமே” என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். செயற்கைப் பந்து வைத்தவரும் கம்பி வைத்தவரும் பொதுவாக உடனே கால் ஊன்றலாம், மருத்துவர் குறிப்பாக வேண்டாம் என்றால்தான் விதிவிலக்கு. பிசியோ வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு வலி மாத்திரை கொடுக்கச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டோம், அன்றிலிருந்து அம்மா ஒத்துழைத்தார். வாக்கரில் ஆரம்பித்துக் கைத்தடிக்கு மாறும்போது, தடியை ஆபரேஷன் ஆகாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பந்து மாற்றியவர் தாழ்வான இருக்கையில் உட்காருவது, கால் மேல் கால் போடுவது, தரையில் கிடப்பதைக் குனிந்து எடுப்பது ஆகியவற்றைச் சில வாரம் தவிர்க்கச் சொல்வார்கள். எந்தப் பக்கமாகத் திறந்து செய்தார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும், கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ நாலைந்து வாரம் தொடரும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் ஏமாற்றம் குறையும். இந்த முறிவு வந்தவர்களில், ஆபரேஷன் செய்தும், ஒரு வருடத்துக்குள் 20 முதல் 30 சதவீதம் பேர் இறக்கிறார்கள். பிழைப்பவர்களிலும் நிறையப் பேர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. அம்மா திரும்பினார், ஆனால் தடியை விடவில்லை. மாதக்கணக்கில் ஆனது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு விஷயம் விட்டுப்போகும், பல இடங்களில் விட்டுப்போகிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இந்த எலும்பு முறிகிறது என்றாலே எலும்பு தேய்ந்து, அதாவது அடர்த்தி குறைந்து பலவீனமாகியிருக்கிறது என்றுதான் அர்த்தம். அடுத்த காலும் முறியலாம். 2007இல் வெளியான ஹொரைசன் ஆய்வில், முறிவு சரிசெய்த 90 நாளுக்குள் எலும்பை உறுதிப்படுத்தும் சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை டிரிப்பாக ஏற்றி, பிறகு வருடம் ஒருமுறை கொடுத்தபோது புது முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. முதலில் சிறுநீரகத்தையும் வைட்டமின் டி அளவையும் பார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் கால்சியம் மாத்திரை மட்டும் இருந்தால், “எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எப்ப ஆரம்பிக்கணும்?” என்று நீங்களே கேளுங்கள். அம்மாவுக்கு நாங்கள் கேட்டுத்தான் கிடைத்தது. தூக்க மாத்திரை, அளவுக்கு மீறிய ரத்த அழுத்த மாத்திரை, மங்கிய கண் இவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். விழுந்த காரணம் அப்படியே இருந்தால் திரும்பவும் விழுவார்கள்.

பெரியம்மாவின் கதை வேறு. வயது தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறதி நோய் முற்றி, எங்களில் யாரையும் தெரியாது. ஒரு வருடத்துக்கும் மேலாகக் கட்டிலும் நாற்காலியும்தான், இரண்டு பேர் பிடித்தால்தான் மாறி உட்காருவார். சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது, இருதயமும் பலவீனம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது சரிந்து, தொடை எலும்பு அதன் கழுத்துப் பகுதிக்குக் கீழே முறிந்துவிட்டது.

அங்கே இருந்த எலும்பு மருத்துவர் வயதைக் கேட்கவில்லை. “விழுறதுக்கு முந்தின வாரம் எப்படி இருந்தாங்க? ஒரு முழு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்க” என்றார். சொல்லி முடித்தபோது எங்களுக்கே பாதி விடை தெரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தாலும் நடக்கப்போவதில்லை, ஆபரேஷனையே தாண்டுவாரா என்பதும் சந்தேகம். அவர் எதையும் மறைக்கவில்லை. “செய்யலைன்னா வாரங்கள்தான். செஞ்சாலும் மாதங்கள்தான் இருக்கலாம். எது அவங்களுக்குக் கஷ்டம் குறைவுன்னு பார்ப்போம்” என்றார்.

பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “சும்மா விட்டுட்டோம்னு ஆயிடாதா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நெதர்லாந்தில் செய்த ஒரு ஆய்வு பதில் சொல்கிறது. 2022இல் வெளியான ஃப்ரெயில் ஹிப் ஆய்வு. பராமரிப்பு இல்லங்களில் இருந்த, 70 வயதுக்கு மேற்பட்ட, மிகவும் நலிந்த 172 பேர். குடும்பத்தோடு பேசி முடிவெடுத்ததில் 88 பேருக்கு ஆபரேஷன் இல்லை, 84 பேருக்கு ஆபரேஷன். 30 நாளில் ஆபரேஷன் இல்லாதவர்களில் 83 சதவீதம் பேரும், செய்தவர்களில் 25 சதவீதம் பேரும் இறந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாமல் அடுத்ததையும் பார்க்க வேண்டும். இருந்த நாட்களின் தரம் ஆபரேஷன் செய்யாதவர்களுக்குக் குறைவாக இல்லை, ஆஸ்பத்திரிச் சிக்கல்களும் அவர்களுக்குக் குறைவு. இது கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பற்றிய ஆய்வு. தொண்ணூறு வயதிலும் நடந்துகொண்டிருந்தவருக்கு இதைக் காட்டி ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்வது அநியாயம்.

ஆபரேஷன் இல்லை என்றதும் உண்மையில் வேலை கூடியது. முறிந்த எலும்பு உள்ளே அசையும், ஒவ்வொரு புரட்டலும் வலி. அதனால் வலி மருந்தை “வலிச்சா குடுங்க” என்று இல்லாமல், நேரம் பார்த்துத் தவறாமல் கொடுக்கச் சொன்னார்கள். குறைந்த அளவு மார்ஃபின், கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, நரம்பு ஊசியும் ஒருமுறை. துடைக்கவோ புரட்டவோ அரை மணி நேரம் முன்பு கூடுதல் டோஸ். பெரியம்மாவால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. புருவம் சுருங்குவது, முனகல், மூச்சு வேகமாவது, கையைத் தட்டிவிடுவது ஆகியவற்றைப் பார்த்துத்தான் அளவை ஏற்றினோம்.

புரட்டுவதற்கு இரண்டு பேர். தொடைகளுக்கு நடுவே தலையணை வைத்து, ஒருவர் தோளையும் இடுப்பையும் பிடிக்க, இன்னொருவர் காலைத் தாங்க, உடம்பு மொத்தமும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே சின்னத் தலையணை. புண் முதலில் வருவது குதிகாலிலும் பின்புற எலும்பு துருத்தும் இடத்திலும்தான். அம்மாவுக்குச் சிறுநீர் டியூபைச் சீக்கிரம் எடுக்கச் சொன்னோம். பெரியம்மாவுக்கு அதை அப்படியே விடச் சொன்னோம், பெட்பேன் வைக்க ஒவ்வொரு தடவையும் தூக்கும் வலி மிச்சம். கொழுப்பு மாத்திரை மாதிரி இனி பயனில்லாதவற்றை நிறுத்தினார்கள். வாயை ஈரப்பஞ்சால் துடைத்து, கேட்டால் மட்டும் ஒரு ஸ்பூன் கொடுத்தோம், திணிக்கவில்லை. வலி நிவாரண சிகிச்சைக்குழு முதல் நாளிலிருந்தே கூட இருந்தது. அது இல்லாமல் இந்த முடிவை எடுத்திருக்கவே கூடாது. சில வாரங்களில், அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது, பெரியம்மா போய்விட்டார். கடைசி நாட்களில் அந்தப் புருவம் சுருங்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் உண்டு. கொஞ்சம் நடந்துகொண்டிருந்தவர், ஆனால் இருதயம் மோசம். நடக்க முடியாதவர், ஆனால் எந்த மருந்துக்கும் வலி அடங்கவில்லை. வலியைக் குறைப்பதற்காக மட்டுமே கூட ஆபரேஷன் செய்வது உண்டு, நடக்க வைக்கும் எண்ணம் இல்லாமலேயே. விலகாத முறிவு என்றால் மருத்துவர் கண்காணிப்பில் ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்கப் பார்ப்பதும் உண்டு, ஆனால் பிற்பாடு விலகிவிடும் ஆபத்து இருக்கிறது. இந்த நிலையில் மருத்துவரிடம் “செய்யலாமா, வேண்டாமா” என்று மட்டும் கேட்காதீர்கள். செய்தால் ஒரு மாதம் கழித்து இவர் எங்கே, எப்படி இருப்பார்? செய்யாவிட்டால் அதே ஒரு மாதத்தில் வலியை யார், எப்படிப் பார்ப்பார்கள்? செயற்கைச் சுவாசத்துக்குக் குழாய் போடுவது, நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பது இதெல்லாம் வேண்டுமா என்று ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடலாமா? நோயாளிக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரையே கேளுங்கள். பல வீடுகளில் அவரைத் தவிர எல்லோரையும் கேட்கிறார்கள்.

வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். வலி மருந்து சரியாகக் கொடுத்தும் ஓரிரு நாளில் வலி அடங்கவில்லை என்றால் அன்றைக்கே திரும்பப் போய்ப் பேசுங்கள். வாரக்கணக்கில் தள்ளினால் தசை சுருங்கி, எலும்பு நுனிகள் மேலும் விலகி, அதே ஆபரேஷன் இன்னும் கடினமாகிவிடும்.